ஏழாவது பாட்டின் கடைசிச் சரணம்

காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் பாட்டு நின்றுவிடும். எங்கள் வீடு என்று சொல்வது பழக்கதோஷம். இப்போது அது என் வீடு. டெக்சாஸில், பிளானோவில் நான்கு பெட்ரூம், அதில் ஒன்றில் மட்டும் ஆள். டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கரில் ஒரு ஜப்பானியப் பெண்மணி நெஞ்சு வெடிக்கப் பாடிக்கொண்டிருப்பார், சட்டென்று வாயை மூடிக்கொள்வார். போனை எடுத்துப் பார்த்தால், பாட்டு வேறொரு டிவைஸில் ஓடுவதாகக் காட்டும். அந்த வேறொரு டிவைஸ் நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில், என் மனைவியாக இருந்தவளின் போன். அங்கே அப்போது மணி ஏழு நாற்பது. பெல்ட் போட்டுவிட்டாள், காரை எடுத்துவிட்டாள், ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

ஒன்றரை வருடம் அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை நான் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரே லாகினை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே, சமயத்தில் அத்தை பிள்ளை மாமா பிள்ளை உட்பட ஊரையே ஓட்டுவது நம்மவர்கள் வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, மகளின் பிறந்தநாள். பாட்டு ஆப்பில் குடும்பத்துக்கென்று தனித் திட்டம் இருந்தது. மகள் பள்ளியில் படிக்கும்போதே அதை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். "எதுக்கு? ஒரே சமயத்துலயா மூணு பேரும் பாட்டுக் கேக்கப் போறோம்?" என்று கேட்டேன். ஒரே சமயத்தில்தான் கேட்டோம். ஒருவர் பாட்டைப் போட்டால் இன்னொருவருக்கு நின்றுவிடும். நான் சமையலறையில் அழுத்தினால் அவளுக்குக் காரில் நிற்கும். அவள் அழுத்தினால் எனக்கு நிற்கும்.

"ஏங்க, நான் டோல்வேல இருக்கேன், கொஞ்சம் விடுங்களேன்" என்று போன் செய்வாள்.

"ரெண்டு நிமிஷம். இந்தப் பாட்டு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

பேச்சின் நடுவில் போனை வைப்பது என் குணம். எதிரில் இருப்பவர் சொல்லி முடித்தாரா என்று பார்க்க மாட்டேன், எனக்கு வேண்டியது கிடைத்ததும் வைத்துவிடுவேன். அவள் நேர் எதிர். "வைக்கட்டுங்களா?" என்று கேட்பாள், நான் சரி என்ற பிறகும் நான் வைக்கும்வரை காத்திருப்பாள். அவர்கள் கோயம்புத்தூர் வீட்டில் யாருமே முதலில் போனை வைக்க மாட்டார்கள். அதை நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

அவள் பார்மசியில் மேல்படிப்பு படித்தவள். கல்யாணமாகி என்னோடு வந்த பிறகு விசா காரணமாகப் பதினோரு வருடம் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் ரசம் வைத்தாள், மகளை வகுப்புகளுக்குக் கூட்டிப் போனாள், தமிழ்ச் சங்கத்தில் கோலம் போட்டாள். கிரீன் கார்டு வந்ததும் உட்கார்ந்து மறுபடி படித்தாள். மகள் கல்லூரிக்குக் கலிபோர்னியா பே ஏரியா போன வருடம் அவளுக்கு நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆபர் லெட்டரை என் லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்களும் வாங்க. உங்க வேலைய எங்க இருந்து வேணாலும் பண்ணலாமுங்களே."

"பாக்கலாம்" என்றேன்.

நான் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். தனியாகப் போனாள். ஆறு மாதத்தில் பனியும் குளிரும் பிடிக்காமல் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். நான் வாட்டர் ஹீட்டர் பற்றியும் புல்வெட்டுகிற ஆள் பற்றியும் பேசினேன். அவள் வேலை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, நாம பிரிஞ்சிடலாமுங்களா? கோவத்துல கேக்கல" என்றாள். நான், "உன் இஷ்டம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள், "சரிங்க. வைக்கட்டுங்களா?" என்றாள். வழக்கம்போல் நான்தான் வைத்தேன்.

பேப்பர்கள் வந்தன, கையெழுத்துப் போட்டேன். வீடு, கார், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் வக்கீல்கள் பிரித்தார்கள். பாட்டு லாகின் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை.

அதன் பிறகு எனக்குத் தமிழ்ப் பாட்டு கேட்கவே முடியாமல் போனது. சின்ன வயதில் வீணை கற்றவள் அவள். எந்தப் பாட்டைப் போட்டாலும் பல்லவி முடிவதற்குள் ராகத்தைச் சொல்லிவிடுவாள். மைக்ரோவேவ் முடியும்போது வரும் ஒலிக்குக்கூட ஸ்வரம் சொல்வாள். அதனால் எந்தப் பாட்டை எடுத்தாலும் அதில் அவள் குரல் ஒட்டிக்கொண்டிருந்தது. சோகப் பாட்டென்று இல்லை, குத்துப் பாட்டைக்கூடப் பாதியில் அணைத்தேன். ஆபீஸில் ஹெட்போன் மாட்டுவதையும் விட்டுவிட்டேன்.

அதை முதலில் கவனித்தவர் எங்கள் ஆபீஸ் ஜப்பானியர். நான் வேலை செய்வது பிளானோவிலேயே லெகசி என்கிற ஏரியாவில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில். அறுபதை நெருங்கும் அவரை மூன்று வருடத்துக்கு டெக்சாஸ் அனுப்பியிருந்தார்கள். மனைவி ஜப்பானில், அவர் இங்கே ஒரு அபார்ட்மெண்டில். மதியம் அவர் சோற்றுப் பெட்டியைத் திறப்பார், எதிரில் நான் என் எலுமிச்சை சாதத்தைத் திறப்பேன். ஏன் இப்போதெல்லாம் பாட்டுக் கேட்பதில்லை என்று கேட்டார். பக்கத்து ஊரான ஆலனில் இருக்கும் நண்பர்களிடம்கூட நான் விவரம் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதால் என் கதை எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் ஒரு தாள் கொடுத்தார். கையால் எழுதிய பத்துப் பாட்டுகளின் பட்டியல், ஒவ்வொன்றும் ஜப்பானிய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். இந்த வகைக்கு என்கா என்று பெயர், வயசானவர்கள் கேட்பது, தன் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்றார். மழை, துறைமுகம், பனி, கடைசி ரயில், கொஞ்சம் சாராயம், போய்விட்ட ஒருவர். இதற்குமேல் எதுவும் வராது என்றார். வரிசை மாற்றிக் கேட்கக் கூடாது, அர்த்தத்தை முதலில் தேடக் கூடாது என்று கண்டிஷன் வேறு. டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரிதான் இருந்தது.

முதல் பாட்டை மறுநாள் காலை அடுப்படியில் போட்டேன். எனக்கு ராகம் தெரியாது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ராகம் கண்டுபிடிப்பவளோடு குடியிருந்த காதுக்கு ஏதோ உறைத்தது. தெரிந்த வீடு போலவும் இருந்தது, கதவு மட்டும் வேறு பக்கம் இருப்பது போலவும் இருந்தது. பாடுபவர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, விடாமல் உலுக்கி, கடைசியில் மெதுவாகத் தரையில் வைத்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால் அந்தப் பாட்டு எனக்குப் புத்தி சொல்லவில்லை, என்னைத் திட்டவில்லை, யாரையும் ஞாபகப்படுத்தவும் இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பத்துப் பாட்டையும் ஆப்பில் ஒரு பட்டியலாகச் சேர்த்தேன். மூன்றாம் நாள் ஆறு நாற்பதுக்குப் பாட்டு நின்றது. வைஃபை கோளாறு என்று ரவுட்டரை அணைத்துப் போட்டேன். நான்காம் நாளும் அதே நேரம் நின்றபோதுதான் போனைப் பார்த்தேன். அவள் போனின் பெயர் அங்கே இருந்தது. நாங்கள் சேர்ந்திருந்த காலத்தில் என்றால் உடனே அழுத்தி என் பாட்டைத் திரும்பப் பிடுங்கியிருப்பேன். அன்று கையைக் கட்டிக்கொண்டு, அவள் என்ன கேட்கிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ பழைய மெலடி. நான்கு பாட்டு ஓடி ஐந்தாவது பாதியில் நின்றது. ஆபீஸ் பார்க்கிங் வந்திருக்கும்.

அதன் பிறகு அது என் காலைக் கடமை ஆகிவிட்டது. ஆறரைக்கு ஒரு பாட்டைப் போடுவேன், ஆறு நாற்பதுக்கு விட்டுக்கொடுப்பேன். ஒரு பாட்டின் நடுவில் விட்டுக்கொடுப்பது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாமல் போனது கேவலம். பனி பெய்து அவள் கிளம்பாத நாளில் பாட்டு நிற்காமல் ஓடும். உடனே பிஸ்கட்டவே வானிலையைத் தேடிப் பார்ப்பேன். பிளானோவில் வெயில் கொளுத்தும், நான் அங்கே எத்தனை அங்குலம் பனி என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் போயிருக்கும். அவள் கேட்ட பாட்டுகளின் வரிசையில் என்கா ஒன்று வந்தது. என் பட்டியலின் முதல் பாட்டு. ஆப் தானாகப் பரிந்துரை செய்திருக்கும், கை தவறி அழுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டாவது. அதற்கடுத்த நாள் மூன்றாவது. வரிசை மாற்றாமல் வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஆபீஸில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன், காரணம் கேட்டவர்களிடம் சும்மா என்றேன்.

ஏழாவது பாட்டில் அவள் நின்றுவிட்டாள். தினமும் அதையே போட்டாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அர்த்தத்தை ஜப்பானியரிடம் கேட்டேன். முதல் இரண்டு சரணங்களை மட்டும் சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். கப்பலேறிப் போனவன் தன் குடையை அவள் கடை வாசலில் மறந்துவிட்டுப் போகிறான். இரண்டாவது சரணத்தில் மழைக்காலம் முழுக்க அந்தக் குடை வாசலிலேயே சாய்ந்திருக்கிறது. அவன் வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே என்று அதை யாருக்கும் தருவதில்லை, தானும் விரிப்பதில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிறாள்.

"மூன்றாவது சரணம்?" என்று கேட்டேன்.

முழுவதும் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றார்.

நான் முழுவதும் கேட்கவில்லை. ஆறு முப்பத்தேழுக்குப் போட்டால் சரியாக மூன்றாவது சரணம் தொடங்கும் இடத்தில் நிற்கும். மீதியை மதியமோ சாயங்காலமோ தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதோ முடிந்துவிடும் என்று ஒரு மூடநம்பிக்கை. அவள் வந்து நிறுத்துவதுதான் எனக்கு அந்தப் பாட்டின் முடிவு.

கார்த்திகை மாதம் ஒருநாள் ஏழாவது பாட்டின் பக்கத்தில், பிடித்த பாட்டுக்குப் போடும் ஹார்ட் குறி ஒன்று இருந்தது. நான் போட்டது இல்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி இருக்கே என்று மெசேஜ் எழுதினேன், அழித்தேன். அவள் ஊருக்குப் பக்கத்து ஏர்போர்ட்டான நுவார்க்குக்கு டிக்கெட் பார்த்தேன், ஜன்னல் சீட்டுவரை தேர்ந்தெடுத்தேன், மூடினேன். கடைசியில் அந்தச் சனிக்கிழமை முழுக்க கராஜைச் சுத்தம் செய்தேன்.

திங்கட்கிழமை மதியம் சாப்பிடும்போது ஜப்பானியரிடம் ஹார்ட் விஷயத்தைச் சொன்னேன். அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். இந்தப் பாட்டுகளில் வரும் யாருமே போன் செய்ய மாட்டார்கள், செய்தால் முதல் சரணத்திலேயே பாட்டு முடிந்துவிடும் என்றார். நீங்கள் பாட்டில் வருகிற ஆள் இல்லையே, போன் செய்யுங்கள் என்றார். நான் சிரித்தேன். செய்யவில்லை.

பயம்தான். வேறு அழகான பெயர் எதுவும் அதற்குக் கிடையாது. கூப்பிட்டால், என்ன திடீரென்று என்று கேட்பாள். பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். தினமும் நான் அவளைக் கவனிப்பது அவளுக்கு அப்போதுதான் தெரியவரும், உடனே லாகினை மாற்றிக்கொள்வாள். ஆறு நாற்பதும் போய்விடும். மன்னிச்சுக்கோ என்று சொல்லி, அவள் வேண்டாம் என்றுவிட்டால், எனக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் வாயை மூடிக்கொண்டு, தினமும் மூன்று நிமிடப் பாட்டை வைத்துக் குடும்பம் நடத்தினேன். குளிர்காலம் முழுக்க அப்படியே போனது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை மகள் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது ஆங்கிலத்தில் அங்கங்கே தமிழைத் தூவுவாள்.

"அப்பா, அம்மாக்கு நான் தனி அக்கவுண்ட் போட்டுட்டேன். மியூசிக் ஆப். ஜஸ்ட் லெட்டிங் யூ நோ."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "ஓ, அம்மா இன்னும் நம்ம அக்கவுண்ட்லயா கேட்டுட்டு இருந்தா? நான் கவனிக்கவே இல்லையே" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ். ஷீ நியூ."

"என்ன தெரியும்?"

"எவ்ரிதிங். அம்மா ஸ்டார்ட் பண்ணும்போது உங்க கிச்சன் ஸ்பீக்கர் நேம் அவ ஸ்கிரீன்ல வரும். எவ்ரி மார்னிங். யூ ஆர் இன் ஐடி, அப்பா."

இருபத்தைந்து வருடம் கம்ப்யூட்டரோடு மாரடித்தவன் நான். எனக்கு அவள் தெரிந்தால் அவளுக்கு நான் தெரிவேன் என்ற சின்ன விஷயம் ஒன்றரை வருடமாக மண்டையில் ஏறவில்லை. நான் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பதாக நினைத்திருந்தேன். அவள் தினமும் என்னைப் பார்த்துக்கொண்டே காரை எடுத்திருக்கிறாள்.

மகள் மீதியையும் சொன்னாள். போன வருடமே தனி அக்கவுண்ட் போட்டுத் தருவதாக அவள் சொல்லியிருக்கிறாள். அம்மாதான், இருக்கட்டும், இப்ப வேண்டாம் என்றிருக்கிறாள். அந்த ஜப்பான் பாட்டெல்லாம் சிவரஞ்சனி மாதிரியே இருக்கிறது, தைவதம் மட்டும் ஒரு படி இறங்கியிருக்கிறது, அப்பா எதற்காக இதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறாள். பட்டியல் கொடுத்த ஆபீஸ் அங்கிளைப் பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னதை மகள் அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஹார்ட் வேண்டுமென்றே போட்டதுதான்.

"ஷீ தாட் யூ வுட் கால்" என்றாள். "தாங்க்ஸ்கிவிங் டைம்ல போனைக் கைலயே வெச்சிட்டு இருந்தா. கிறிஸ்மஸ், பொங்கல், எல்லாம் வெயிட் பண்ணா. லாஸ்ட் வீக் அவளே சொன்னா, போதும் பாப்பா, மாத்திடுன்னு. நான் உங்கள குத்தம் சொல்லல, அப்பா. இட்ஸ் ஓகே."

ஓகே இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஆறு முப்பத்தேழுக்கு ஏழாவது பாட்டைப் போட்டேன். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. அடுப்புக் கடிகாரம் ஆறு நாற்பதைக் காட்டியது. பாட்டு நிற்கவில்லை. நான் கேட்டே இராத மூன்றாவது சரணம் என் சமையலறைக்குள் வந்தது. சுருதி மேலே ஏறியது, பாடுபவர் குரலில் அழுகையே இல்லை. தெம்பாக, நிமிர்ந்து பாடினார். கடைசி ஸ்வரத்தை உலுக்கவும் இல்லை, அப்படியே நீட்டி விட்டுவிட்டார். அடுத்து எட்டாவது பாட்டு தானாகத் தொடங்கியது. அணைத்துவிட்டேன்.

ஆபீஸில் நேராக ஜப்பானியரின் மேசைக்குப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லாமல் உடனே சொன்னார். மூன்றாவது சரணத்தில் பெரிய மழை வருகிறது. அவள் கடையை மூடுகிறாள். வாசலில் இருக்கும் அவன் குடையை எடுத்து விரிக்கிறாள், பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான் பாட்டு என்றார்.

பார்க்கிங்குக்கு இறங்கி, காருக்குள் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். அதே சொல்லுங்க.

"நான்தான்."

"தெரியுதுங்க." கொஞ்சம் விட்டு, "இன்னைக்குப் பாட்டு நிக்காம ஓடுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஓடுச்சு."

"அந்த ஏழாவதுல கடைசில என்னதாங்க ஆகுது? உங்க ஆபீஸ்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். மழை வருது. அந்தக் குடைய எடுத்து அவளே புடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறா."

"நல்லதுங்க" என்றாள். "அவ நனையக் கூடாதில்ல."

ஒருவழியாகச் சொன்னேன். "நான் கூப்பிட்டிருக்கணும். அந்த ஹார்ட் பாத்த அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றாள். "கூப்பிட்டிருக்கணும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை முதல் தடவையாக அன்றுதான் கேட்டேன். நல்லா இருக்குதுங்க, போன மாசம் புரமோஷன் குடுத்தாங்க என்றாள். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் அழுகை வந்தது.

"மீட்டிங் இருக்குதுங்க. வைக்கட்டுங்களா?"

"சரி" என்றேன்.

சொன்னேனே தவிர வைக்கவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. அவள் பக்கம் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அவள் வைத்துவிட்டாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் முதலில் வைத்தது அன்றுதான்.